பாஸ்காச் செம்மறியும் பெரிய வெள்ளியும்

(ஜூபிலி நவநாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சென்ற தவக்காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சாமி, ஆண்டவர் இராவுணவு உண்டது பாஸ்கா அன்றா, முந்தின நாளா?" என்று கேட்டான். "எல்லாம் ஒன்றுதான், உட்கார்" என்று சொல்லிவிட்டோம். அது பதில் அன்று. அந்தக் கடனை இன்று தீர்க்க நினைக்கிறோம்.

யூதர்களுக்குப் பொழுது சாயும்போதே அடுத்த நாள் தொடங்கிவிடும். நீசான் மாதம் 14-ஆம் நாள் பிற்பகலில் எருசலேம் ஆலயத்தில் செம்மறிகளை வெட்டுவார்கள். பொழுது சாய்ந்தால் 15-ஆம் நாள். அன்றிரவு புளியாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அந்த இறைச்சியை உண்பார்கள். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற இரவின் நினைவு அது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, செம்மறிகளை வெட்டும் நேரம் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று எழுதியிருக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் இறந்தது வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு நற்செய்தியாளர்களும் ஒன்றுபடுகிறார்கள். அந்த வெள்ளி எத்தனையாம் நாள் என்பதில்தான் சிக்கல். மத்தேயு, மாற்கு, லூக்காஸ் மூவரும் இராவுணவைப் பாஸ்கா விருந்தென்றே சொல்வதால், வெள்ளி 15-ஆம் நாளாகிறது. அருளப்பரோ, ஆண்டவரைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள், தீட்டுப்பட்டால் பாஸ்கா உண்ண முடியாதே என்று மாளிகைக்குள் நுழையவில்லை என்கிறார். (மாசற்றவரின் சாவுக்கு அஞ்சாதவர்கள் வாசற்படிக்கு அஞ்சினார்கள். இது அவர்கள் இனத்துக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ணிவிட வேண்டாம்.) ஆகவே விருந்து இன்னும் நடக்கவில்லை, அன்று 14-ஆம் நாள்.

பாப்பரசர் 16-ஆம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் மறையுரையில், ஆண்டவர் கும்ரான் மடத்தாரின் பஞ்சாங்கப்படி முன்னதாகவே பாஸ்கா கொண்டாடியிருக்கலாம் என்றார். 2011-ல் வெளிவந்த தம் நூலிலோ அருளப்பர் சொல்லும் நாளையே ஏற்றுக்கொண்டார். நமக்கும் அதுவே சரியென்று படுகிறது. பெருந்திருவிழா நாளன்றே தலைமைக் குருக்கள் விசாரணைக்கும் கொலைத் தீர்ப்புக்கும் அலைந்தார்கள் என்பதை நம்புவது எளிதல்ல.

அப்படியானால் மற்ற மூவரும் தவறினார்களா? அந்தப் பந்தியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அப்பம் இருக்கிறது, இரசம் இருக்கிறது. செம்மறி இறைச்சி பரிமாறப்பட்டதாக ஒருவரும் எழுதவில்லை. அப்பத்தை எடுத்து, "இது என் உடல்" என்கிறார். செம்மறி அவரேதான். பாஸ்கா என்று அவர்கள் சொன்னது இந்தப் புதிய பாஸ்காவை.

ஆண்டவர் உயிர்விட்டது பிற்பகல் மூன்று மணிக்கு என்று மாற்கு குறித்திருக்கிறார். யோசேப்பு சொன்ன நேரத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். ஆலயத்தில் கத்தி எடுக்கும் வேளை அது. பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கலாகாது என்பது யாத்திராகமக் கட்டளை. படைவீரர்கள் மற்ற இருவரின் கால்களையும் முறித்துவிட்டு நடுச் சிலுவைக்கு வந்தார்கள். அவர் ஏற்கெனவே இறந்திருந்ததைக் கண்டு, முறிக்காமல் விட்டார்கள்.