எரிமலைக்குள் இருக்கும் தண்ணீர்



யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலைமுன் நின்றவர். என்னைப் பேச அழைத்த அவருடைய மகள் சொன்னார்: "அப்பாவுக்கு எரிமலைன்னா உயிர் சார். டி.வி.யில அது வந்துட்டா சேனலை மாத்தவே விடமாட்டார்." தலைப்பைத் தேடி நான் அதற்குமேல் அலையவில்லை. கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். இன்று அந்தப் பெரியவர் நின்ற இடத்தில் நின்று எரிமலையைப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இங்குள்ள இண்டக்‌ஷன் உலைகளில் ஸ்கிராப்பை உருக்கி லேடிலில் ஊற்றும்போது எஃகின் சூடு ஏறக்குறைய 1,600 டிகிரி செல்சியஸ். ஹவாய்த் தீவின் எரிமலையில் வழியும் குழம்பு 1,100 முதல் 1,200 டிகிரிதான். கெட்டியான சிலவகைக் குழம்புகள் 800 டிகிரியிலேயே வெளிவருகின்றன. எரிமலைக்குள் இருப்பதைவிடச் சூடான ஒன்றை, இந்த அவையில் இருக்கும் பலர் நேற்றைய ஷிப்டில் சில அடி தூரத்தில் நின்று கையாண்டிருக்கிறீர்கள். உலை வெடிக்கவில்லை. ஹீட் இறங்கியது, பில்லட் ஆனது, டீ குடிக்கப் போனீர்கள். சூடு மட்டும் இருந்தால் எதுவும் வெடித்துவிடாது என்பதற்கு உங்கள் வேலையே சாட்சி.

அப்படியானால் எது வெடிக்க வைக்கிறது? அதற்கான விடையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் நேரில் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம், மாணவர்களை அழைத்துக்கொண்டு ஓர் உருக்காலைக்குப் போயிருந்தோம். அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். இரவெல்லாம் மழை. ஸ்கிராப் வெட்டவெளியில் நனைந்து கிடந்தது. தகர டப்பாக்களை அமுக்கிக் கட்டிய ஒரு கட்டு உலைக்குள் இறங்கியது. ஒரு நொடி அமைதி. பிறகு வயிற்றில் அறைந்தாற்போல் ஒரு சத்தம். உருகிய இரும்பு உலை வாயிலிருந்து பூச்சட்டிபோல் எழுந்து கூரைத் தகரத்தைத் தொட்டது. பின்னால் நின்ற நாங்கள் தப்பினோம். முன்னால் நின்ற ஒருவருக்கு முன்கை முழுக்கத் தீக்காயம். அவரை வண்டியில் ஏற்றிய பிறகு மெல்ட்டர் என்னிடம் சொன்னது நான்கே சொற்கள்: "உள்ளே தண்ணி இருந்துச்சு சார்."

எரிமலையைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களிலேயே சரியானது அதுதான். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சாதாரணமாகவே 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். 1,600 டிகிரி எஃகுக்குள் மாட்டிக்கொண்டால் கேட்கும் இடம் இன்னும் பல மடங்கு. கிடைக்காத இடத்தை அது உடைத்து எடுத்துக்கொள்ளும்.

எரிமலை என்பது நம்மிடம் உள்ள அழகான சொல். ஆனால் அங்கே விறகோ கரியோ எரிவதில்லை. சிவப்பாகத் தெரிவது, ரோலிங் மில்லில் ஓடும் கம்பி சிவப்பாகத் தெரிகிறதே, அதே காரணத்தால்தான். புகை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு நீராவி. சாம்பல் என்பதும் சாம்பல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் காலுக்குக் கீழே பூமி முழுக்கத் தீக்குழம்பாகக் கொதித்துக் கிடக்கிறது என்று பல மாணவர்கள் எண்ணுகிறார்கள். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருப்பது திடப்பாறைதான். கடும் சூடு இருந்தும் மேலிருந்து அழுத்தும் பாரத்தால் அது உருகாமல் இருக்கிறது. ஒரு சில இடங்களில் மட்டுமே, அதிலும் ஒரு சிறு பங்கு மட்டுமே உருகுகிறது. பாறை மேலெழுந்து பாரம் குறைந்தால் உருகும். ஆழத்திலிருந்து கூடுதல் சூடு வந்தால் உருகும். மூன்றாவது வழி தண்ணீர். தங்கத்தை உருக்கும்போது தட்டார் வெண்காரம் போடுவார். அழுக்கு சீக்கிரம் இளகிப் பிரியும். சூடேறிய பாறைக்குத் தண்ணீர் அந்த வெண்காரம். அது சேர்ந்தால், சேராதபோது உருகாத சூட்டிலேயே பாறை உருகத் தொடங்கிவிடும்.

இந்த மூன்றாவது வழி நடக்கும் இடம் நமக்கு நேர் கிழக்கே இருக்கிறது. பழவேற்காட்டுக் கரையில் நின்று வங்கக் கடலைப் பார்த்தால், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தாண்டி, அந்தமானின் போர்ட் பிளேருக்கு வடகிழக்கில் பாரன் தீவு. மூன்றே கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு மேல் 354 மீட்டர் உயரம். மலையின் பெரும்பகுதி கடலுக்குள், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அடி ஊன்றி நிற்கிறது. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். 1787இல் அது வெடித்ததைக் கப்பலில் போனவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அடங்கி, நூறாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் விழித்தது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன அறிஞர்கள் ஆய்வுக் கப்பலில் அருகே இருந்தபோதே சாம்பலைக் கக்கியது.

அங்கே என்ன நடக்கிறது? வங்கக் கடலின் அடித்தளத்தைச் சுமக்கும் இந்தியத் தட்டு, கிழக்கே இருக்கும் சிறிய பர்மியத் தட்டுக்கு அடியில் புகுந்து இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் ஊறிய பாறை வெறுங்கையோடு போவதில்லை. தன் கனிமங்களுக்குள் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போகிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில், சூடும் அழுத்தமும் பிழிந்ததும் அந்தத் தண்ணீர் மேலே உள்ள பாறைக்குள் ஏறுகிறது. பாறை உருகுகிறது. 2004 டிசம்பர் 26 காலையில் பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்குள் கடலைக் கொண்டுவந்ததும் அதே எல்லைதான். தட்டு சறுக்கினால் நிலநடுக்கம், ஆழிப்பேரலை. தட்டு இறக்கிய தண்ணீர் வேலை செய்தால் எரிமலை.

உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தது, அதனால் மேலே ஏறுகிறது. தண்ணீரும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் அதில் கரைந்திருக்கின்றன. அதை வெடிக்க வைப்பது எது என்று கேட்டால், நம் ஊர்க் கோலி சோடாவைச் சொல்வேன். கோலி அடைத்திருக்கும்வரை பாட்டிலுக்குள் ஒரு குமிழிகூடத் தெரியாது. வாயு தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும். கோலியைத் தட்டியதும் அழுத்தம் இறங்கி நுரை பொங்குகிறது. குழம்பும் மேலே ஏற ஏற அதன் தலைமேல் உள்ள பாரம் குறைகிறது. கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரிகிறது. குமிழி பெருக்கிறது. பெருத்த குமிழி குழம்பை இன்னும் வேகமாகத் தூக்குகிறது.

அடுத்து நடப்பதைக் குழம்பின் பதம் தீர்மானிக்கும். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது குமிழி மெல்ல வந்து உடைந்து போய்விடும். அதே அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிப் பாருங்கள். குமிழி வெளியே வர வழியின்றித் திணறி, பொளக் என்று வெடித்துக் கையைச் சுடும். சிலிக்கா பாதியளவே உள்ள பாசால்ட் குழம்பு கஞ்சி. அது வாயுவை விட்டுவிட்டு ஆறாக ஓடும், பெரும்பாலும் ஆள் நடந்தே தப்பலாம். சிலிக்கா எழுபது சதவீதம்வரை ஏறிய குழம்பு களி. வாயு உள்ளேயே மாட்டி, கடைசியில் மொத்தக் குழம்பையும் சிதறடிக்கும்.

இதோ என் கையில் இருப்பது உங்கள் வீட்டுக் குளியலறையில் குதிகால் தேய்க்கும் நுரைக்கல். செயற்கையாகச் செய்ததும் விற்கிறார்கள். இது எரிமலையிலிருந்து வந்தது. இந்தத் தம்ளர் தண்ணீரில் போடுகிறேன். பின்வரிசைக்கும் தெரிகிறதா? கல் மிதக்கிறது. இது உறைந்துபோன சோடா நுரை. ஒவ்வொரு துளையிலும் ஒரு காலத்தில் வாயு இருந்தது. வார்ப்பில் துளை விழுந்தால் 'ப்ளோ ஹோல்' என்று சொல்லி மாலைத் தள்ளிவிடுவீர்களே, அதே கதைதான். குளிரும் உலோகத்தில் கரைந்திருந்த வாயு வெளியேற நேரமில்லாமல் அடைபட்டுப் போவது. இந்த நுரை இன்னும் வேகமாக உப்பி, குமிழிச் சுவர்கள் தாங்காமல் நொறுங்கினால் கிடைக்கும் தூள்தான் எரிமலைச் சாம்பல். அதில் பெரும்பகுதி கண்ணாடித் துகள். 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், நம் மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்துக்குச் செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் இரவில் புகுந்தது. துகள்கள் எஞ்சினுக்குள் உருகி ஒட்டின. நான்கு எஞ்சின்களும் நின்றன. எஞ்சின் இல்லாமலே பல ஆயிரம் அடி கீழிறங்கிய பிறகு, ஒவ்வொன்றாக மீண்டும் இயங்கி, ஜகார்த்தாவில் இறங்கியது. அதில் இருந்த 263 பேரும் பிழைத்தார்கள்.

எரிமலை எங்கோ தூரத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம் வானத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரகடோவா வெடித்தது. 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் அது எழுப்பிய அலையால். இலங்கையில் அந்தச் சத்தத்தைப் பீரங்கிச் சத்தம் என்று எண்ணினார்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தின் அலை அளக்கும் கருவியில் கடல் ஏறி இறங்கியது பதிவானது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், உதிக்கும்போதும் மறையும்போதும் மெட்ராஸ் பகுதியில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. வானத்தில் மிதந்த துகள்கள் சிவப்பு ஒளியைத் தடுத்துப் பச்சையை விட்டன. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித், நிறமாலைமானியை வைத்து அந்த ஒளியைப் பகுத்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை நிறுவி நடத்தியவரும் அவரே. அன்று பொன்னேரி வயல்களிலும் திருவள்ளூர்க் குளக்கரையிலும் நின்றவர்கள் அந்தப் பச்சைச் சூரியனைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதற்கும் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா வெடித்தது. கிரகடோவா அதன் பக்கத்தில் சிறு தீப்பொறி. அதன் சாம்பல், ஆந்திரத்தில் பழைய கர்நூல் மாவட்டத்து ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளைப் படிவமாக இருக்கிறது. அந்தப் படிவத்துக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்தன. சுமத்ராவிலிருந்து கர்நூல் போன சாம்பல் நம் தலைக்கு மேலாகத்தான் போயிருக்கும். நம் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றங்கரையில் மனிதர் கல்லுடைத்தது 15 லட்சம் ஆண்டுப் பழமை. பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போகும் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த அவையில் ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளும் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து ராஜ்மகால் குன்றுகள் ஏறக்குறைய 11.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அந்தப் படுகைகளுக்கு இடையே கிடைக்கும் செடிப் புதைபடிவங்களுக்கு நெருங்கிய உறவுக்காரச் செடிகள், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறையிலும் கிடைக்கின்றன. உங்கள் நிலமும் எங்கள் நிலமும் அந்தக் காலத்திலேயே ஒரே காட்டைச் சுமந்தவை.

எரிமலை பெரும்பாலும் சொல்லாமல் வெடிப்பதில்லை. நிலம் மெல்ல உப்பும், சிறு அதிர்வுகள் கூடும், கந்தக வாயு அதிகரிக்கும். 1991இல் பிலிப்பைன்சின் பினாடுபோவில் இவற்றை அளந்து, ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன் பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். ஆனால் அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 1985 நவம்பர் 13 இரவு, கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலையில் நடந்தது வேறு. வெடிப்பு சிறியது. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாகி இறங்கி ஆர்மெரோ நகரை மூடியது. சுமார் 23,000 பேர் மாண்டனர். எந்த வழியாகச் சேறு வரும் என்று காட்டும் வரைபடம் முன்பே தயாராக இருந்தது. மக்களை வெளியேற்றும் ஆணை மட்டும் வரவில்லை. என்னைப் பல இரவுகள் தூங்கவிடாத செய்தி அது.

ஆகவே ஆலை நடத்துவோரிடமும் மேற்பார்வையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. ஸ்கிராப் கிடங்குக்குக் கூரை போடுங்கள். அமுக்கிய கட்டுகளையும் மூடிய குழாய்களையும் பிரித்துப் பார்க்காமல் உலைக்குள் இறக்காதீர்கள். நனைந்த மாலைக் காயவைக்க ஒரு ஹீட் தாமதமானால் ஆகட்டும். "தண்ணி இருக்கு, போட வேண்டாம்" என்று உலைமுன் நிற்பவர் சொன்னால், அவர் பேச்சை அந்த நிமிடமே கேளுங்கள்.