மண்வெட்டி பிடித்த மடம்

இன்றைக்கு நாம் போகப்போகிற இடம் கொஞ்சம் குளிரும். போர்த்திக்கொண்டே கேளுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால், சாலை மலையேறி, வளைந்து வளைந்து கடலை நோக்கி இறங்குகிறது. கொல்லிமலைப் பாதை அளவுக்கு இல்லை. ஆனால் காலைச் சாப்பாட்டை நினைவுபடுத்த இதுவே போதும். மியூர் கடற்கரைக்குச் சற்று முன்னால், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு கிளைப்பாதை பிரியும். அதுதான் கிரீன் கல்ச் பண்ணை. 115 ஏக்கர். போலராய்டு கேமரா கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜார்ஜ் வீல்ரைட்டின் மாட்டுப் பண்ணையாக இருந்த இடம், 1972-ல் சான்பிரான்சிஸ்கோ ஜென் மையத்தின் கைக்கு வந்தது. அன்றைய கொட்டகைதான் இன்றைய தியான மண்டபம்.

ஜென் என்றதும், அதன் ஆதி குருவாகச் சொல்லப்படும் போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர் என்று இந்நேரம் உங்களில் யாராவது ஆரம்பித்திருப்பீர்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். தியானம் என்ற சொல்தான் சீனாவில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. அதுவரைக்கும் நிச்சயம்.

கிரீன் கல்ச்சில் விடிவதற்கு வெகு முன்பே ஒருவர் கைமணியை ஆட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஓடுகிறார். பிறகு மரச்சத்தம். தொங்கவிட்ட ஒரு கனத்த பலகையைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். முதலில் விட்டு விட்டு, பிறகு விரைவாக. பகலில் கிட்டே போய்ப் பார்த்தேன். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அடி விழுந்து, நடுவில் அம்மி தேய்ந்த மாதிரி ஒரு குழி. சத்தம் அடங்கியதும் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள். நானும் உட்கார்ந்தேன். மனம் எப்படியோ, என் முழங்கால் மட்டும் கடைசிவரை விழிப்புடன் இருந்தது.

ஆனால் நான் வந்தது தோட்டத்தைப் பார்க்க.

இலங்கையிலோ தாய்லாந்திலோ புத்த பிக்கு ஒருவர் மண்வெட்டியோடு நிற்கப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை ஒடிக்கக் கூடாது என்று பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளான விநயத்திலேயே இருக்கிறது. மண்ணுக்குள் உயிர் இருக்கிறதே! பௌத்தம் சீனத்து மலை மடங்களுக்குப் போனபோது கதை மாறியது. அங்கே துறவிகளே வயலில் இறங்கினார்கள். பாய்ஜாங் என்ற ஆசான் தள்ளாத வயதிலும் வேலையை விடவில்லையாம். சீடர்கள் மனம் பொறுக்காமல் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தார்கள். அவர் சண்டை போடவில்லை, சாப்பிட மறுத்துவிட்டார். கருவி தானாகத் திரும்பி வந்தது.

அந்த வழியில் வந்தவர்கள்தான் கிரீன் கல்ச்காரர்கள். எல்லாரும் மொட்டையடித்த துறவிகள் இல்லை. குடும்பத்தோடு இருப்பவர்கள் உண்டு, விவசாயம் பழக வந்த இளைஞர்களும் உண்டு. காலையில் வட்டமாக நின்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் பிரிகிறார்கள். கடல்மூடுபனி பள்ளத்தாக்கில் ஏறி வருவதால் தக்காளி பழுக்க மாட்டேன் என்கிறது. லெட்டூஸ், பீட்ரூட், உருளைக்கிழங்குக்கோ அந்தக் குளிர்தான் கொண்டாட்டம். 1979-ல் இதே ஜென் மையம் நகரத்தில் கிரீன்ஸ் என்ற சைவ உணவகத்தைத் திறந்தது. அதற்குக் காய்கறி போனது இங்கிருந்துதான்.

இந்த மண்ணைப் பண்படுத்தக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயர். முன்பு நாடக நடிகர். கோபக்காரர் என்று பெயர். மேல்மண்ணை ஒரு மண்வெட்டி ஆழம் எடுத்து ஒதுக்கி, அடியில் இன்னொரு ஆழத்துக்குக் கிளறிவிட்டு, எருவிட்டுப் பாத்தியை மேடாக்கச் சொன்னவர். 1980-ல் இங்கேயே இறந்தார். எருக்குவியலில் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே பற்கள் தந்தியடிக்கிற குளிர். உள்ளே வெந்நீர்ச் சூடு.

சரி, நத்தையும், வேரைக் கடிக்கிற வளை எலியும் வந்தால்? கொல்லாமை பேசுகிறவர்கள் என்ன செய்வார்கள்? வேலி போடலாம், கையால் பொறுக்கலாம். அப்படியும் மண்வெட்டிக்கு அடியில் மண்புழு துண்டாகத்தான் செய்யும். அவர்கள் அதை மறைப்பதில்லை. தோட்டத்தில் உயிர்விட்ட செடிகளிடமும் பிராணிகளிடமும் மன்னிப்புக் கேட்க ஒரு சடங்கே வைத்திருக்கிறார்கள். விநயத்தின் பழைய தயக்கம் முழுதாகப் போய்விடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மதியம் முறைப்படியான சாப்பாடு. துணியில் கட்டிய, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கிண்ணங்கள். உண்டு முடித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே வெந்நீர் விட்டுக் கழுவி, அந்த நீரில் கொஞ்சம் குடித்து, மிச்சத்தை வாளியில் ஊற்றுகிறார்கள். அது செடிக்குப் போகிறது. வாய் வைக்கும் முன் ஒவ்வொருவரும் துளிச் சோற்றை எடுத்து ஓரமாக வைத்தார்கள், பசித்த ஆவிகளுக்கென்று. ஒருவர் அதைச் சேகரித்து வெளியே கொண்டுபோய்ப் புல்லில் போட்டார்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. கரைந்து கூப்பிட ஆளில்லையே என்று பார்த்தால், கொண்டை வைத்த நீலப் பறவை ஒன்று கிளையிலிருந்து இறங்கி, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொத்தத் தொடங்கியது. ஜே என்று பெயராம். காக்கைக் குடும்பம்தான்.