லொறி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை

ஒரு கட்டடத்துக்கு என்னென்ன பொருள் வேண்டும், எவ்வளவு வேண்டும், என்ன விலையாகும் என்று வரைபடத்தைப் பார்த்தே கணக்கெடுப்பவர் கணிய அளவையியலாளர். வேலைத்தளத்தில் 'கியூ.எஸ்.' என்பார்கள். வேலை நடக்க நடக்க அளந்து, ஒப்பந்தகாரருக்குச் சேரவேண்டிய பணத்தைச் சொல்வதும் அவர்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் கணிதம் எடுத்த பதுளைப் பிள்ளைகள் இதையும் யோசிக்கலாம்.

பட்டம் பெற்றவருக்கு முதல் வேலை பெரும்பாலும் அளவெடுப்பதுதான். வரைபடத்தில் 550 சதுர அடி வீடு. இந்திய உதவியோடு மலையகத்தில் கட்டப்படும் தனி வீடுகளின் அளவு அது. பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பராவைப் போல நாலரை மடங்கு.

தாளில் தரை சமமாக இருக்கும். ஊவாத் தோட்டத்தில் அப்படியா? நாலடிக்கு ஓரடி ஏறும் சரிவு என்று வையுங்கள். வீடு 27½ அடி நீளம், மலைப்பக்கமாக 20 அடி அகலம். தரையை முழுவதும் வெட்டிச் சமப்படுத்தினால் பின்பக்கம் ஐந்தடி ஆழம் இறங்கும். 1,375 கன அடி மண் வெளியே வரும். நம்மூர்க் கணக்கில் பதினான்கு கியூப்புக்குக் கொஞ்சம் குறைவு. பாதியை வெட்டி, பாதியை நிரப்பினால் மண் வேலை குறையும். ஆனால் நிரப்பிய பக்கத்துக்குக் கருங்கல் தாங்குசுவர் வேண்டும். அதையும் விலைப்பட்டியலில் சேர்க்கவேண்டும்.

இன்னும் கேளுங்கள். லொறி கீழே ரோட்டோடு நின்றுவிடும். ஒரு கியூப் மணல் நாலரைத் தொன் அளவில் வரும். ஆள் ஒருவர் தடவைக்கு 25 கிலோ சுமந்தால் 180 நடை! பதுளை டவுன் விலையை அப்படியே எழுதிவைத்தால், அந்த 180 நடைக்கு யார் கூலி கொடுப்பது? ஒப்பந்தகாரர் வேலையைப் பாதியில் விடுவார். இல்லையென்றால் சீமெந்தைக் குறைப்பார்.

லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்துச் சாக்கோடு அம்மா மலையேறியதைப் பார்த்த பிள்ளை அது. பாதையின் செங்குத்து, மழைநாள் வழுக்கல், எந்த வளைவுவரை ட்ரக்டர் வரும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வகுப்பில் கிடைக்காத அந்த அறிவு விலைக்கணக்கில் அப்படியே பயன்படும்.

மண் உறுதியையும் விட்டுவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அதனால் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கையில் வாங்கிய பிறகே அளவுநாடாவை எடுக்கவேண்டும்.

பட்டத்துக்குப் பின் வேலையனுபவம் சேர்த்து, இலங்கை கணிய அளவையியலாளர் நிறுவனத்தின் தொழில்முறைத் தகுதியையும் பெறலாம். கொழும்பு மாடிக் கட்டடங்களும் வளைகுடா வேலைகளும் அழைக்கும், போகட்டும். பசறையிலும் ஹப்புத்தளையிலும் அடுத்த வீட்டுத்திட்டம் தொடங்கும்போது, அந்த 180 நடையைக் கணக்கில் எழுதும் கை ஒரு தோட்டத்துப் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.