மனம் ஒரு பொறியா?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்னும் சொல்லைக் கேளாமல் வளர்ந்தவர் இவ்வவையில் மிகச் சிலரே இருப்பர். அச்சொல்லின் அடியில் ஒரு கொள்கை மறைந்துள்ளது. அறிவு தலைக்குள் அடைபட்ட ஒரு பொருள். அதனைத் தனியே அளந்துவிடலாம் என்பதே அக்கொள்கை. அது சரிதானா என்று ஆராய்வதே என் உரையின் நோக்கமாகும்.

1950களில் கணிப்பொறி வளர்ந்தபொழுது, உளவியலறிஞர் பலர் மனத்தையும் அதுபோன்றதொரு பொறியாகக் கருதத் தலைப்பட்டனர். செய்தி உள்ளே செல்கிறது, நினைவில் தங்குகிறது, விடையாக வெளிவருகிறது என்றனர். இதுவே அறிவாற்றல் உளவியல். இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. மனம் ஒரே நேரத்தில் சிலவற்றையே தாங்கும் என்று இத்துறை காட்டியது. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து நடத்த அது நமக்கு வழிகாட்டிற்று.

ஆயினும், 1967இல் இத்துறையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு நூலெழுதிய அல்ரிக் நைசர், 1976இல் மற்றொரு நூலில் இதன் குறையை எடுத்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்தின் செயற்கைச் சூழலை மட்டும் நோக்கினால், வாழ்க்கையில் இயங்கும் மனத்தை அறிய இயலாது என்பது அவர் கருத்து.

இதற்குச் சான்று பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரச் சந்தையில் கிடைத்தது. அங்கே வணிகம் செய்த 5 ஏழைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஒரு தேங்காய் 35 குருசேரோ. நான்கிற்கு என்ன விலை என்று கேட்டபொழுது, மூன்றுக்கு 105, அதனுடன் 30 சேர்த்து 135 எனக் கூட்டிச் சென்று, 140 என்று ஒரு பிள்ளை சரியாகச் சொன்னது. அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபொழுது அப்பிள்ளை எழுதிய விடை 200! சந்தையில் 100க்கு 98 விடைகள் சரி. தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபொழுது 37 மட்டுமே சரி. பிள்ளைகள் ஐவரே எனினும், தலை ஒன்றே; இடம் மாறிற்று, விடையும் மாறிற்று.

நம் நாட்டுச் சான்று இதனினும் கூர்மையானது. உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் ஓர் ஆய்வு நடத்தினர். 6, 7ஆம் வகுப்பு மாணவர்க்குச் சுழல்வழிப் புதிர்களைக் கொடுத்தனர். சாதி சொல்லப்படாதபொழுது, உயர்சாதியினர் எனப்படுவோர் பிள்ளைகளுக்கும் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கும் திறமையில் வேறுபாடு இல்லை. பெயருடன் சாதியையும் எல்லார் முன்னும் உரக்க அறிவித்தபின், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் திறமை சரிந்தது. ஒரு நொடியில் மூளையா குறைந்துவிட்டது? பொறியாயின் சாதிப் பெயர் கேட்டுத் தளருமா? மனம் மதிப்பை உணர்வது, அவமதிப்பையும் உணர்வது.

எனவே, என் போன்ற ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. உதவித்தொகைப் படிவத்திற்காக வகுப்பிலே சாதி சொல்லிப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனை அடியோடு ஒழித்தல் வேண்டும். பெயரைத் தனியே அழைத்துப் படிவம் தந்தால் போதாதா?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. மாலையில் நம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும்பொழுது, கூலிக் கணக்கிலிருந்தும் சந்தைக் கணக்கிலிருந்தும் தொடங்குங்கள். அங்கேயே நின்றுவிடாதீர்கள், தாளில் எழுதும் கணக்கிற்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். தேர்வுத்தாள் இல்லாமல் வேலையும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் அத்தாளில் விழும் மதிப்பெண் அன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, பிள்ளையின் மனத்திற்கு எல்லை வகுக்காது. இதனைப் பெற்றோர் உள்ளத்திலும் பதியச் செய்யுங்கள்.