அதட்டிய கூட்டமே அழைத்தது



எரிகோவின் வழியோரத்தில் உட்கார்ந்து பிச்சையெடுத்த பர்த்திமேயுவை நாம் எல்லாரும் அறிவோம் (மாற்கு 10:46-52). இயேசு அவ்வழியே போகிறார் என்று கேள்விப்பட்டதும், தம்மீது இரக்கம் காட்டும்படி அவர் உரக்கக் கத்துகிறார். கூட்டமோ அவரை அதட்டி, பேசாமல் இருக்கச் சொல்கிறது. பர்த்திமேயு அடங்கவில்லை; இன்னும் உரக்கக் கத்துகிறார்.

ஆண்டவர் அங்கே இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, தாமே பர்த்திமேயுவிடம் போகாமல், அவரை அழைக்கும்படி சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். அதட்டிய கூட்டமே அழைக்கும் கூட்டமாயிற்று. இரண்டாவது, பார்வையற்றவருக்கு என்ன தேவை என்பது பார்ப்பவர் எவருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று பர்த்திமேயுவிடமே கேட்டார். கொடுப்பதற்கு முன் கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஏழைகளுக்கு நன்மை செய்யப் பார்க்கிறோம். தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மழை குறைந்த பூமி அது. சோளமும் தினையும் பயறும் விளைகிற மண். அங்கே ரேஷன் கடை வழியாக மலிவு விலையில் அரிசி வந்தது. பசி தீர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் உங்களுக்கு எந்தத் தானியம் வேண்டும் என்று அங்குள்ள பெண்களிடம் கேட்டுவிட்டு வந்ததல்ல. சோளத்துக்கு மதிப்புக் குறைந்தது. ஏழைகளின் நிலங்கள் தரிசாகக் கிடந்தன.

அப்பகுதித் தலித் பெண்கள் ஊர் ஊராகச் சங்கம் கூடினார்கள். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் துணைநின்றது. தரிசைத் திருத்தினார்கள், பழைய விதைகளைச் சேர்த்து வைத்தார்கள். தங்கள் பேச்சைத் தாங்களே பதிவு செய்யவும் கற்றுக்கொண்டார்கள். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொல்லியிருந்தும், தொண்டு நிறுவனங்கள் சமூக வானொலி நடத்த அனுமதி 2006இல்தான் வந்தது. அதுவரை அப்பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று அவர்களுடைய ‘சங்கம் ரேடியோ’ வானலையில் ஒலித்தது. விதையைப் பற்றியும் மருந்துச் செடியைப் பற்றியும் அவர்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலேயே பேசினார்கள், பாடினார்கள். யாரும் கேட்காத குரலுக்கு ஊரே காதுகொடுத்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருள், இதயத்தின் செவியால் கேட்பது. இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் பேசுகிறேன், திருப்பிப் பேச உங்களுக்கு வழியில்லை. நம் கோவில் ஒலிபெருக்கியும் அப்படித்தானே? பங்கின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்து குவிகின்றன. குழாயில் தண்ணீர் வராத தெருவில் குடியிருக்கும் அம்மாவின் குரல் அதில் வருகிறதா? அன்பியக் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால், “அதெல்லாம் இப்போது எதற்கு?” என்று அதட்டுகிறவர்கள் யார்?

இளைஞர்களே, உங்கள் கையில் செல்பேசி இருக்கிறது. இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்குப் போங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். அவர் பேச்சை வெட்டித் திருத்தாதீர்கள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் அவரையும் உட்காரவைத்து, எல்லாரும் கேட்கும்படி போடுங்கள். கிராம சபை கூடும்போது அவரையே அழைத்துப்போங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். அவர் பேசும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

பார்வை பெற்ற பர்த்திமேயு வீட்டுக்குப் போய்விடவில்லை. வழியோரத்தில் இருந்தவர், இயேசுவின் பின்னே வழிநடந்தார். அதட்டிய கூட்டத்தில் நாமும் நின்றிருப்போம். அழைக்கும் கூட்டமாக மாற ஆண்டவர் இன்று நம்மிடம் சொல்கிறார்.

ஆண்டவரே, பேசாதே என்று நாங்கள் அடக்கியவர்களின் குரலில் உம்மைக் கேட்க எங்கள் செவிகளைத் திறந்தருளும். ஆமென்.