அமைப்பு என்னும் கருத்து

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வைரமும் பென்சிலின் காரீயமும் ஒரே பொருள்; இரண்டும் காபன் அணுக்களால் ஆனவை. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு எப்புறமும் இறுகப் பிணைந்திருக்கிறது. காரீயத்திலோ மூன்றோடு மட்டும் பிணைந்து, தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. அத்தட்டுகள் வழுக்குவதாலேயே பென்சில் எழுதுகிறது. மூலப்பொருளில் இல்லாத வேற்றுமை அமைப்பில் இருக்கிறது.

மொழிநூலார் இக்கருத்தை இன்னும் நுட்பமாகக் கையாண்டனர். சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் சசூர் 1913இல் மறைந்தார். அவருடைய விரிவுரைகள் 1916இல் நூலாயின. மொழியை அவர் சதுரங்கத்துக்கு ஒப்பிட்டார். காய் மரத்தாலானதா, தந்தத்தாலானதா என்பது ஆட்டத்துக்குப் பொருட்டன்று. மற்றக் காய்களோடு அதற்குள்ள உறவே பொருட்டு. நம் ககரத்தைப் பாருங்கள். கடல், தங்கை, அகம் என்னும் மூன்றிலும் அதன் ஒலி வேறு. ஆயினும் அவ்வேற்றுமையால் தமிழிற் பொருள் மாறாமையால் நமக்கு அது ஓரெழுத்தே. ஆங்கிலத்தில் மேலங்கியின் பெயரும் ஆட்டின் பெயரும் அவ்வொலி வேற்றுமை ஒன்றினாலேயே பிரிகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்'! குளிருக்கு ஆட்டை அணிந்ததாக மாணவர் சொல்லிவிடாதபடி ஆங்கில ஆசிரியர்கள் படும் பாடு தனிக்கதை.

உறவுமுறையும் அவ்வாறே. பெரியப்பாவின் மகன் அண்ணன். மாமாவின் மகன் மச்சான். இரத்தத்தால் இருவரும் ஒரே தூரம். ஆங்கிலேயர் இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பர். நமக்கோ மச்சானின் தங்கை மணமுறையுடையவள். பெரியப்பா மகனின் தங்கை நம் சகோதரி. இத்தகைய முறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லெவி ஸ்ட்ராஸ், குடும்பங்கள் தம்முள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பரிமாற்றமே இவற்றின் அடியிலுள்ள அமைப்பென்று 1949இல் எழுதினார்.

இங்கேதான் நான் சற்றுத் தயங்குகிறேன். 1966இல் லூயி துய்மோன் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர், இந்தியச் சாதிமுறையையும் தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலையின்மேல் எழுந்த அமைப்பென்று விளக்கினார். விளக்கம் நயமானது. ஆனால் அதனைக் கேட்டு, "அப்படியாயின் அதிலும் ஓர் ஒழுங்கு உண்டே" என்று ஆறுதல் கொள்வோர் நம்மிடையே உளர். அவர்களோடு நான் உடன்படேன். காரீயத்தின் அணுவுக்குத் தன் இடத்தைப்பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லை, மனிதருக்கு உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தடுக்கப்பட்டோர், உட்சென்று வழிபடும் உரிமையைக் கேட்டு நின்றனர். துய்மோன் விளக்கிய அமைப்பில் அவர்களுக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தை அவர்கள் ஏற்கவில்லை. இச்சபையிலுள்ள பெரியோரிற் சிலர் அந்நாட்களை நேரிற் கண்டிருக்கக்கூடும். அவர்கள் எழுந்து சொல்வார்களாயின், இளைஞராகிய நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.