துளையின் உள்ளே நீர் புகாமை

(திருச்சிராப்பள்ளியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கற்றறிந்தோர் பலர் பேசிய இம்மேடையில், உளி பிடித்துக் காய்த்த கையையுடைய யான் நிற்பது உங்கள் அன்பினாலேயாம். படகின் மேல்தட்டில் உலோகச் சாமான்களை எபாக்ஸி என்னும் பசையின் துணைகொண்டு உறுதியாகப் பொருத்துவது எங்ஙனம் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழும் நமக்குக் கடற்படகின் கவலை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மரவேலையைக் கைத்தொழிலாகக் கொண்ட நம் பிள்ளைகள் எந்த ஊரிற் சென்று பிழைப்பினும் இவ்விஷயம் அவர்களுக்கு உதவும்.

ஸ்ரீரங்கத்தில் மாசி மாதத் தெப்போத்ஸவத்தை நாம் ஆண்டுதோறும் தரிசிக்கிறோம். அத்தெப்பம் உத்ஸவ தினங்களுக்கென்று அமைக்கப்படுவது. அசையாக் குளத்து நீரில் மிதப்பது. மீன்பிடிப் படகோ அலையிலும் வெயிலிலும் பல்லாண்டு உழைக்க வேண்டுவது. சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் மசூலாப் படகின் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தனர். கட்டுமரத்தின் மரங்களையும் கயிற்றாலேயே பிணைத்தனர். அலை மோதும்போது அக்கட்டு சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். பழுதாயின் அவிழ்த்துப் புதிதாகவும் கட்டலாம்.

இக்காலத்துப் படகுகள் வேறு வகையின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் தேதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், நம் கரையெங்கும் பைபர் படகுகள் மிகுந்தன. அவற்றுட் பலவற்றின் தட்டில், மேலும் கீழும் பைபர் தோலும், நடுவே ஒட்டுப்பலகையும் இருக்கும். தோல் முழுமையாயிருக்குமளவும் உள்ளேயுள்ள பலகைக்குக் கேடில்லை. ஆனால், கயிறு கட்டும் கொம்பைப் பொருத்த ஒரு துளை இட்டோமாயின், நீருக்கு நாமே வாயில் திறந்தவராகிறோம். ஏழு பிராகாரங்களும் உயர்ந்த மதிலுடையனவாயினும், வாயில்களைத் திறந்து போட்டால் மதிலால் ஆவதென்ன?

இதனை யான் புத்தகத்திற் படித்து அறிந்தேனல்லேன். என் தமக்கை மகன் நாகப்பட்டினத்திற் படகு பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு மீனவர் படகின் முன்தட்டில் கொம்பைப் பொருத்தும் வேலையை யான் வலிய ஏற்றேன். நாற்பதாண்டு தச்சனாயிருந்த கர்வத்தால், துளையிட்டு, போல்ட்டை முறுக்கி, மேலே சிறிது பசை பூசி, "இனி யானை இழுத்தாலும் வாராது" என்றேன். இரண்டு மழைக்காலங் கழிந்தன. ஓரிரவு காற்றில் அக்கொம்பு போல்ட்டோடு பெயர்ந்து வந்தது. படகிற் படுத்திருந்த அவரும் அவர் மகனும் கரைக் கற்களில் மோதினர். உயிருக்கு அபாயமில்லை, பையனின் மணிக்கட்டு முறிந்தது. பின்னர் யான் அத்தட்டைப் பிளந்து பார்த்தேன். பலகை ஊறிய அவல்போல் விரலிற் பிசைந்து வந்தது. அம்மீனவர் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

செய்திருக்க வேண்டிய முறையை இப்போது கூறுகிறேன். போல்ட்டு 8 மில்லிமீட்டராயின், துளையைச் சுமார் 15 மில்லிமீட்டராக இடுக. அடித்தோலைத் துளையாது விடுக. துளைத்துவிட்டால் கீழே நாடா ஒட்டி அடைக்க. பலகை ஈரமாயிருப்பின் உலருமளவும் காத்திருக்க. பின்னர் பிசினையும் கெட்டியாக்கும் திரவத்தையும் தயாரித்தோர் சொன்ன அளவிற் கலந்து, முதலில் நீர்த்த பசையால் துளையின் சுவரை நனைக்க. மரம் அதனைக் குடித்து நிற்கும். அதன்மேல் சிலிக்காத் தூள் சேர்த்துக் குழைத்த பசையை, காற்று தங்காதவாறு அடியிலிருந்து நிரப்புக. நன்கு இறுகிய பின்பு, நடுவே 8 மில்லிமீட்டர்த் துளை இடுக. இப்போது போல்ட்டைச் சூழ்ந்திருப்பது மரமன்று; நீர் ஊடுருவாத எபாக்ஸியே. துளையின் மேல்விளிம்பைச் சிறிது சரித்துச் செதுக்கி, நெகிழும் அடைப்புப் பசை இட்டு, கீழே அகன்ற உலோகத் தகடு வைத்து நட்டை முடுக்குக. தகடின்றேல் பாரம் முழுவதும் சிறு வாஷரின்மேல் விழுந்து தட்டை நசுக்கும்.

சில எச்சரிக்கைகளும் உள. கெட்டியாக்கும் திரவத்தை மிகுதியாக விட்டால் விரைவில் இறுகும் என்பது தவறு, பசை பலமிழக்கும். ஒரே பாத்திரத்தில் அதிகம் கலந்தால் சூடேறிப் புகையும். நம் சித்திரை வெயிலில் இது இன்னும் விரைவாம். கையுறையின்றித் தொடுவோருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாகக்கூடும். சூரியவொளி எபாக்ஸியைக் கெடுக்குமாதலின், வெளியே தெரியும் இடத்திற்கு வர்ணம் பூசுதல் வேண்டும்.

இப்பசையின் சரித்திரம் நெடியதன்று. அரால்டைட் என்னும் பெயரில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஸீபா கம்பெனியார் 1946-இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த கூஜான் சகோதரர் 1970-களில் மரப்படகு வேலையில் இதனைப் பரவச் செய்தனர். நம் ஊர்க் கடைகளிலும் இது எளிதிற் கிடைக்கும்.

அன்பர்காள்! வேலையில் கண்ணுக்குத் தெரியும் பாகம் கூலியைப் பெற்றுத் தரும். தெரியாத பாகமே பிறர் உயிரைக் காக்கும். நம் பிள்ளைகள் துளையிடும் ஒவ்வொரு முறையும், அதன் உள்ளே என்ன நிகழும் என்று ஒரு கணம் நின்று எண்ணுவாராக. என் பிழையை நீங்கள் அனைவரும் அறியச் சொன்னதும் அதற்காகவே. யான் செய்த பிழையை நம்மவருள் இன்னொருவர் செய்யாதிருப்பின், அப்பையனுக்கு யான் பட்ட கடனிற் சிறிதேனும் தீர்ந்ததாகக் கருதுவேன்.